எந்த மாநிலம் என்று முதலில் கேளுங்கள்

அமெரிக்கத் தீர்ப்புகளில் பெருங்குற்றத்துக்கு அடுத்த நிலையாக வரும் மிஸ்டிமீனருக்கு ஜெர்மன் மொழியில் என்ன சொல் போடுவது என்று கேட்டு இளைய மொழிபெயர்ப்பாளர்களான உங்களில் யாராவது ஒருவர் அடிக்கடி எனக்குப் போன் செய்கிறீர்கள். செய்யுங்கள், எனக்கும் பொழுது போகவேண்டுமே. ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கு இப்படி ஒரு போன் வந்தால் அன்று முழுக்க உற்சாகம்தான். ஆனால் நான் பதிலுக்கு "எந்த மாநிலம்?" என்று கேட்டதும் உங்கள் குரல் சுருங்கிவிடுகிறது. "அமெரிக்கா, அக்கா" என்கிறீர்கள். அமெரிக்கா என்பது எனக்கும் தெரியும். எந்த மாநிலம் என்றுதான் கேட்டேன்.

இனி ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சண்டை போடத் தெம்பில்லை. அதனால் எழுதியே வைத்துவிடுகிறேன். அடுத்த முறை போன் செய்யும்போது வேறு ஏதாவது பேசலாம்.

என்னைத் தெரியாத புதியவர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலியில் சட்டம் படித்தவள் நான். ஜெர்மனியில், எர்லாங்கன் என்ற ஊரில் எஞ்சினியர் வேலை கிடைத்த கணவரோடு வந்து இறங்கினேன். என் பட்டத்தை வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஒரு வழக்கும் நடத்த முடியாது என்று வந்த பிறகு தெரிந்தது. கொஞ்ச காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பிறகு ஜெர்மன் படித்து, தேர்வு எழுதி, நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்து, ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் முத்திரை வாங்கினேன். அந்த முத்திரை குத்திய காகிதத்தை இந்த நாட்டு அலுவலகங்கள் மறுபேச்சில்லாமல் நம்பும். இந்த வேலையின் பெருமையும் அதுதான், பயமும் அதுதான்.

புதிதில், பக்கத்து நகரமான நியூரம்பெர்க்கின் நீதிமன்றத்தில் ஒரு நாள். மதுக்கடைக் கைகலப்பில் மாட்டிய ஓர் அமெரிக்கர் கூண்டில் இருந்தார். அவருக்குத் தன் நாட்டில் ஏற்கெனவே ஒரு தண்டனை உண்டு. அந்தக் காகிதத்தில் 'முதல் தர மிஸ்டிமீனர்' என்று இருந்தது. மாநிலம் பென்சில்வேனியா. அகராதி சொன்னபடி நானும் 'சிறு குற்றம்' என்றேன். நீதிபதி மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அங்கே அதற்கு அதிகபட்சத் தண்டனை என்ன?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியாது. அரசு வழக்கறிஞர் என்னைப் பார்க்கிறார், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பார்க்கிறார், கூண்டில் இருப்பவரும் பார்க்கிறார். சிறு குற்றம்தானே, சில மாதங்கள் என்று சொல்லிவைப்போம் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. எப்படியோ விழுங்கிக்கொண்டு, "தெரியாது" என்றேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். அவரோ, "தெரியாது என்று சொல்லத் தெரிந்த மொழிபெயர்ப்பாளர் வந்ததில் மகிழ்ச்சி. பார்த்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறோம்" என்று விசாரணையை மதியத்துக்குத் தள்ளி வைத்தார்.

பார்த்தேன். ஐந்து ஆண்டு வரை சிறை என்று இருந்தது. சில மாதங்கள் என்று நான் உளறியிருந்தால், அந்தப் பிழையை வைத்துத்தான் நீதிமன்றம் அவரை எடைபோட்டிருக்கும். அந்த நீதிபதியின் பெயர்கூட இப்போது நினைவில் இல்லை. ஆனால் அவரிடம் பட்ட கடனை நான் மறக்கவில்லை. அன்று அவர் முகம் சுளித்திருந்தால், அடுத்த முறை நான் தெரியாது என்று சொல்லியிருக்கமாட்டேன்.

அதற்குப் பிறகுதான் அமெரிக்கா என்று ஒரே நாடு கிடையாது, நம் வேலைக்கு அது ஐம்பது நாடு என்பது எனக்குப் புரிந்தது. விஸ்கான்சினில் எழுத்து வைத்து வகை பிரிப்பார்கள். அங்கே மேல் வகையான 'ஏ'வுக்கே ஒன்பது மாதம்தான் உச்சம். டெக்ஸாஸிலும் எழுத்துதான், ஆனால் கடைசி வகையான 'சி'க்குச் சிறையே இல்லை, அபராதம் மட்டும். வர்ஜீனியாவில் எண். அங்கே ஒன்றுதான் பெரியது, பன்னிரண்டு மாதம் வரை போகும். மூன்றும் நான்கும் வெறும் அபராதம். நியூ ஜெர்சியில் மிஸ்டிமீனர் என்ற பெயரையே புழங்குவதில்லை, வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் மனப்பாடம் செய்யாதீர்கள். சட்டங்கள் மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பாருங்கள்.

இப்போது மணி கதைக்கு வருகிறேன், நான் ஓய்வுபெறுவதற்குக் கொஞ்சம் முன்னால் நடந்தது. மணியும் அவர் மனைவி பாரதியும் இதை எழுத அனுமதி கொடுத்திருக்கிறார்கள். 'பேரை மட்டும் மாத்திடுங்க அக்கா' என்றார்கள், மாற்றிவிட்டேன்.

மணி தூத்துக்குடிக்காரர். எர்லாங்கனில் எஞ்சினியர். அதற்கு முன்னால் அமெரிக்காவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தவர். சைக்கிளில் போகும்போது ஆளே இல்லாத தெருவில்கூடக் கையை நீட்டி, பின்னால் திரும்பிப் பார்த்து, அதன் பிறகுதான் திரும்புவார். அப்படிப்பட்டவர் ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வந்து, சமையலறை மேசையில் ஒரு காகிதத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தார். காபி கொடுத்தேன், தொடவில்லை.

"அக்கா, ஒரு சின்ன ஹெல்ப். இதை ஜெர்மன்ல போடணும். செவ்வாய்க்கிழமை குடியுரிமை ஆபீஸ்ல டெர்மின், வரச் சொல்லியிருக்காங்க."

குடியுரிமைக்கு அவர் விண்ணப்பித்திருந்தார். பாரதி இங்கே வந்து சில ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. தனியாக விண்ணப்பித்தால் அவர் இன்னும் காத்திருக்கவேண்டும். ஆனால் கணவருக்குக் கிடைத்தால் கூடவே மனைவிக்கும் கொடுக்க வழி இருக்கிறது, அதனால் இருவரும் சேர்ந்து போட்டிருந்தார்கள். பாரதிக்குத்தான் அவசரம். அரசு அலுவலகம் ஒன்றில் கணினிப் பாதுகாப்புப் பிரிவில் அவரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஜெர்மன் குடியுரிமை இல்லாமல் அங்கே சேர முடியாது. இலையுதிர்காலம் வரை இடத்தை வைத்திருப்போம் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டுக்காரர் வேலைக்காகக் கண்டம் விட்டுக் கண்டம் வந்து, வீட்டில் உட்கார்ந்து, மொழி படித்து, கடைசியில் தன் படிப்புக்கு ஏற்ற ஒரு வேலை. அது எப்படிப்பட்டது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை.

காகிதத்தைத் திருப்பிப் பார்த்தேன். வர்ஜீனியா நீதிமன்றத் தீர்ப்பின் நகல். அஜாக்கிரதையாக வாகனம் ஓட்டியது, குற்றவாளி, முதல் வகை மிஸ்டிமீனர். அபராதமும், கொஞ்ச நாள் ஓட்டுநர் உரிமப் பறிப்பும்.

"என்ன தம்பி இது? யாரையாவது இடிச்சிட்டீங்களா?"

"ஐயோ, இல்லக்கா. ரோடு காலியா இருந்துச்சு. எழுபது மைல் லிமிட், நான் எண்பத்தி நாலுல போயிட்டேன். அந்த ஸ்டேட்ல அப்ப எண்பதைத் தாண்டினாலே ரெக்லஸ் டிரைவிங்தானாம். எனக்கு எங்க தெரியும்? கோர்ட்டுக்கு வரச் சொன்னாங்க, லாயர் பேசினாரு, ஃபைன் கட்டினேன், வந்துட்டேன். ஜஸ்ட் ஒரு டிராஃபிக் டிக்கெட்டுன்னுதான் நெனச்சேன்."

"சரி. விண்ணப்பத்துல வெளிநாட்டுத் தண்டனை உண்டான்னு கேட்டிருப்பாங்களே, அங்கே என்ன போட்டீங்க?"

மணி காபியைப் பார்த்துக்கொண்டு, "இல்லைன்னு டிக் பண்ணிட்டேன்" என்றார்.

ஏன் அப்படிச் செய்தார் தெரியுமா? கல்லூரி நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டிருக்கிறார். நம் ஆட்களுக்குக் காய்ச்சல் வந்தால்கூட டாக்டரிடம் போகும் முன் குழுவில் கேட்டாகவேண்டும். டெக்ஸாஸ் நண்பர், 'மச்சி, ஸ்பீடிங்னா கிளாஸ் சி. ஃபைன் கட்டினா முடிஞ்சுது' என்றார். விஸ்கான்சின் நண்பர், 'இங்க அது கிரைமே இல்லடா' என்றார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. தங்கள் மாநிலத்தைப் பற்றி உண்மையைத்தான் சொன்னார்கள். குழுவில் வர்ஜீனியாக்காரர் யாரும் இல்லை, அவ்வளவுதான். ஜெயிலுக்குப் போனால்தானே தண்டனை என்று ஒருவர் முத்தாய்ப்பு வைக்க, மணி 'இல்லை' என்று குறி போட்டு அனுப்பிவிட்டார்.

பிறகு அலுவலகம் அமெரிக்கக் காவல்துறைச் சான்று கேட்டது. வந்த சான்றில் ஒரு வரி இருந்தது. தீர்ப்பு நகலை வரவழைத்துப் பார்த்தால் 'முதல் வகை'. மறுபடியும் குழு. இந்த முறை பென்சில்வேனியாவில் இருக்கும் நண்பர் வாயைத் திறந்தார். 'ஃபர்ஸ்ட் டிகிரின்னா அஞ்சு வருஷம்டா, நீ மாட்டினே!' என்று எழுதிவிட்டு ஒரு அழுமூஞ்சிப் படமும் போட்டிருக்கிறார். ஒன்றுமில்லை என்று நம்பியவர் ஒரே நாளில் தன்னைப் பெரிய குற்றவாளியாகவே நினைக்கத் தொடங்கிவிட்டார். எந்த மாநிலம் என்று கேட்டுக்கொள்ள அத்தனை படித்த பிள்ளைகளில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அக்கா, நீங்கதான் காப்பாத்தணும். நானே பார்த்துட்டேன். இங்க ஸ்பீடா போனா அது கிரைம் இல்ல, ஓர்ட்னுங்ஸ்விட்ரிக்கைட். வெறும் ஒழுங்கு மீறல். அந்த வேர்டையே போட்டுடுங்க. உங்க சீல் இருந்தா யாரும் கேக்கமாட்டாங்க."

அந்த நீளச் சொல்லை ஒரு இடத்திலும் தடுக்காமல் சொன்னார். மொழித் தேர்வுக்குக்கூட இவ்வளவு நன்றாகப் படித்திருக்கமாட்டார்.

நீங்கள் இங்கே கொஞ்சம் நிதானிக்கவேண்டும். அவர் கேட்டது அப்பட்டமான பொய் இல்லை. ஜெர்மனியில் அதே வேகத்தில் போயிருந்தால் அது ஒழுங்கு மீறல்தான். பச்சைப் பொய்யை எழுதச் சொன்னால் யார் வேண்டுமானாலும் மறுத்துவிடலாம், அதற்குப் பெரிய தைரியம் தேவையில்லை. முக்கால் உண்மையைக் கொண்டுவந்து, நம் ஊர்ப் பிள்ளை, கண்ணில் தண்ணீர் நிற்க, 'ஒரு வேர்டுதானேக்கா' என்று கேட்கும்போதுதான் மறுப்பது கஷ்டம். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. பாரதியின் வேலை வேறு கண்முன்னால் நின்றது. ஆனால் வர்ஜீனியாவில் ஒரு நீதிமன்றம் குற்றம் என்று தீர்ப்பளித்ததை, எர்லாங்கனில் சமையலறையில் உட்கார்ந்துகொண்டு குற்றமில்லை என்று மாற்ற நான் யார்? அங்கே குற்றமானது இங்கே எதற்குச் சமம் என்று முடிவு செய்யவேண்டியது அலுவலகம்.

எழுதமாட்டேன் என்று தெரிந்துவிட்டது. அதற்குமேல் அவருக்கு என்ன வழி சொல்வது என்றுதான் தெரியவில்லை. அதனால் மயூரிக்குப் போன் செய்தேன்.

மயூரி நியூரம்பெர்க்கில் வழக்கறிஞர். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்தவர்களின் மகள், இங்கேயே பிறந்து வளர்ந்தவள், என் வயதில் பாதிகூட இல்லை. பல வழக்குகளில் சேர்ந்து வேலை பார்த்திருக்கிறோம். விஷயத்தைச் சொல்லி, ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஓம் அக்கா, விளங்குது. அந்தச் சொல்லை நீங்கள் மாத்த ஏலாது. தீர்ப்பில இருக்கிறதை அப்பிடியே எழுதுங்கோ. ஆனா கீழ மொழிபெயர்ப்பாளர் குறிப்பு எண்டு ஒண்டு போடலாம்தானே? அந்த மாநிலத்தில வகைகள் எப்பிடி, அதிகபட்சம் எவ்வளவு, இவருக்கு உண்மையில என்ன குடுத்தவை, எல்லாத்தையும் அதில எழுதுங்கோ."

"எழுதறேன்மா. அந்த 'இல்லை'க்கு என்ன பண்றது?"

"மணி அண்ணை பக்கத்தில இருக்கிறாரோ? அண்ணை, கேளுங்கோ. இங்க குற்றமில்லாத ஒண்டுக்கு வெளிநாட்டில தண்டனை குடுத்திருந்தா, குடியுரிமைக்கு அதைக் கணக்கில எடுக்கமாட்டினம். ஆனா அதை எடுக்கிறதோ விடுறதோ எண்டு அலுவலகத்தார்தான் சொல்லோணும், நீங்கள் இல்லை. நீங்கள் சொல்லத்தான் வேணும். தெரியாமல் பிழையா எழுதினது வேற. பிழை எண்டு தெரிஞ்ச பிறகும் விடுறது வேற. இண்டைக்கு உங்களுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை அவை கேக்க முதல் நீங்கள் சொல்லோணும்."

மணி உடனே, "அப்ப அப்ளிகேஷனையே வாபஸ் வாங்கிடறேன். பிரச்சனையே வேணாம்" என்றார்.

"அது பாரதி அக்காவின்ர விண்ணப்பமும்தானே அண்ணை? அவவும் கையெழுத்து வைச்சவ. அவ என்ன சொல்லுறா?"

"அவகிட்ட இன்னும் சொல்லலை" என்றார் மணி. பாரதிக்கு எதுவுமே தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால் நடந்தது, சொல்லும்படி இல்லை என்று விட்டிருக்கிறார்; பிறகு சொல்ல வெட்கம்.

"அண்ணை, குறை நினைக்காதேங்கோ. அவவுக்குச் சொல்லாமல் நான் இந்த வழக்கை எடுக்கமாட்டன். இண்டைக்கே சொல்லுங்கோ. சொல்லிப்போட்டு எனக்குப் போன் எடுங்கோ, செவ்வாய்க்கிழமை நானும் வாறன்."

போன் கட்டானது. எனக்கே அவள்மேல் கொஞ்சம் எரிச்சல் வந்தது. ஏற்கெனவே ஆள் நொந்துபோயிருக்கிறார், குடும்பத்துக்குள் வேறு ஏன் குண்டு போடவேண்டும்? சட்டத்தைப் பார்த்தால் போதாதா? வெளியே காட்டிக்கொள்ளவில்லை. "பாரதியை வரச் சொல்லுங்க தம்பி, இங்கேயே பேசலாம்" என்றேன். வீட்டில் தனியாகச் சொல்ல அவருக்குத் தெம்பு இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது.

பாரதி சைக்கிளில் வந்தார். மணி சொன்னார். நடுவில் இரண்டு முறை நான் எடுத்துக்கொடுக்கவேண்டியிருந்தது. பாரதி அந்தக் காகிதத்தை ஒரு முறை நிதானமாகப் படித்தார். அழவில்லை, கத்தவில்லை.

"ஸ்பீடா போனதுக்கு நான் ஒண்ணும் சொல்லலைங்க. குரூப்ல அத்தனை பேருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது."

அந்தச் சமையலறையில் அப்போது எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை. எழுந்துபோய், ஆறிப்போன காபியைக் கொட்டிவிட்டுப் புதிதாகப் போட்டேன்.

"வாபஸ் வாங்கிடலாம்னு பார்க்கறேன்" என்றார் மணி.

"வாங்கினா என் வேலை போயிடும். சொன்னாலும் ஒருவேளை போகலாம். ரெண்டுல ஒண்ணுன்னா, சொல்லிட்டே போகட்டும். நான் சேரப்போறது செக்யூரிட்டி வேலைங்க. அதுக்குப் பொய்யில ஆரம்பிக்க முடியாது."

அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டேன். இதற்கெல்லாம் நீதிமன்ற உறுதிமொழியில் தடையில்லை.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். மிஸ்டிமீனர் என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே மேற்கோளில் வைத்தேன். கீழே குறிப்பு எழுதினேன். அந்த மாநிலத்தில் நான்கு வகைகள், ஒன்றாவதே கடுமையானது, அதற்கு அதிகபட்சம் பன்னிரண்டு மாதச் சிறையும் அபராதமும். இந்தத் தீர்ப்பில் விதிக்கப்பட்டது அபராதமும் உரிமப் பறிப்பும் மட்டுமே. வகைகளும் தண்டனைகளும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். இவற்றுக்கு இணையான ஜெர்மன் சொல் இல்லை. மைலைக் கிலோமீட்டராகவும் மாற்றிப் போட்டேன். மணிக்குச் சாதகமானதை மட்டும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். பன்னிரண்டு மாதத்தை விட்டுவிடத்தான் மனம் சொன்னது. அதை விட்டிருந்தால் மற்றதை யார் நம்புவார்கள்?

செவ்வாய்க்கிழமை நால்வரும் நகர அலுவலகத்துக்குப் போனோம். இழுத்துக் கட்டிய கொண்டையும் கழுத்தில் தொங்கும் கண்ணாடியுமாக ஒரு பெண் அதிகாரி. மணி உட்காரக்கூட இல்லை. மயூரி சொல்லிக்கொடுத்த வாக்கியத்தை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தவர், நின்றபடியே ஒப்பித்தார். விண்ணப்பத்தில் ஒரு விவரத்தைத் தவறாகக் கொடுத்துவிட்டேன், அதைத் திருத்த வந்திருக்கிறேன். அவ்வளவுதான். பாரதி அவர் சட்டைக் கையைப் பிடித்திருந்தார்.

அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு தீர்ப்பைப் படித்தார். என் குறிப்பைப் படித்தார். பன்னிரண்டு மாதம் என்ற இடத்தில் புருவம் ஏறியது. மறுபடியும் மேலே போய், விரலை வைத்துத் தேடினார்.

"நூற்று முப்பத்தைந்தா?"

"ஆமாம்" என்றார் மணி.

"மணிக்குக் கிலோமீட்டரில்?"

"ஆமாம்."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், மொழிபெயர்ப்பில் பிழையோ என்பதுபோல. பிழையில்லை என்று தலையை ஆட்டினேன். "நான் பாம்பெர்க் பக்கத்திலிருந்து தினம் காரில் வருகிறேன். ஆட்டோபான் நெடுஞ்சாலையில் இந்த வேகத்தில் இடது தடத்தில் போனால், பின்னால் வருபவன் விளக்கை அடித்து ஒதுங்கச் சொல்வான்" என்றார். மயூரி உதட்டைக் கடித்துக்கொண்டாள். மணிக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

அதிகாரி சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றினார். "வேக வரம்பு இருந்த சாலையில் அதைத் தாண்டியிருக்கிறீர்கள். இங்கே அதற்கு ஓர் அபராதம், உரிமத்தில் ஒரு தண்டப் புள்ளி. குற்றம் இல்லை. எங்கள் சட்டப் பிரிவும் பார்க்கவேண்டும், ஆனால் இதனால் உங்கள் விண்ணப்பம் நிற்கும் என்று நான் நினைக்கவில்லை" என்றார். பிறகு பழைய விண்ணப்பத்தை எடுத்து, அந்த 'இல்லை'யைக் காட்டினார். "இது நின்றிருந்தால்தான் எனக்கு வேறு வேலை இருந்திருக்கும். குடியுரிமை கொடுத்த பிறகும் பல ஆண்டுகளுக்கு அதைத் திரும்ப வாங்க எங்களால் முடியும், தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, மணியின் கையாலேயே அதை அடித்து, திருத்தி, கையெழுத்துப் போடச் செய்தார்.

வெளியே வந்து மணி படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். மயூரி, "எழும்புங்கோ அண்ணை, சனம் பாக்குது" என்று கையைப் பிடித்துத் தூக்கினாள்.

கோடை முடியும் முன் இருவருக்கும் குடியுரிமை வந்தது. பாதாம் அல்வாவோடு வந்து சொன்னார்கள். நானும் இதோடு முடிந்தது என்று நினைத்தேன். மயூரி எதற்காக பாரதிக்குச் சொல்லச் சொன்னாள் என்ற அந்தச் சின்ன எரிச்சல் மட்டும் எனக்குள் ஓரமாகக் கிடந்தது. சட்டத்தைச் சரிசெய்தது அவள் கெட்டிக்காரத்தனம், குடும்பத்தில் தலையிட்டது அவள் பிடிவாதம் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்தேன்.

இலையுதிர்காலத்தில் ஒரு நாள் பாரதி போன் செய்தார். மூச்சு வாங்கியது.

"அக்கா, இப்பதான் இன்டர்வியூ முடிஞ்சுது. வேலைக்கு முன்னாடி செக்யூரிட்டி செக் பண்ணுவாங்கல்ல, அது. ரெண்டு பேர் உட்கார்ந்திருந்தாங்க. எல்லாம் கேட்டுட்டு, கடைசியில, உங்க ஹஸ்பண்டுக்கு எங்கயாவது எப்பவாவது தண்டனை உண்டான்னு கேட்டாங்க."

"நீ என்னம்மா சொன்னே?"

"யோசிக்கவே இல்லக்கா. உண்டு, வர்ஜீனியா, முதல் வகை மிஸ்டிமீனர், ஸ்பீடிங், ஃபைன் கட்டினார்னு சொன்னேன். அதிகபட்சம் எவ்வளவுன்னுகூடச் சொல்லிட்டேன். உங்க குறிப்பைத்தான் எனக்கு மனப்பாடமா தெரியுமே. அந்த ஆளு தன் முன்னாடி இருந்த ஃபைலைத் திருப்பி என்கிட்ட காட்டினாரு. அக்கா, அவங்ககிட்ட முதல்லேயே குடியுரிமை ஃபைல்லேர்ந்து அந்தப் பேப்பர் வந்திருந்துச்சு. நான் சொல்றேனான்னுதான் பார்த்திருக்காங்க."

மயூரி அன்று விட்டுக்கொடுத்திருந்தால் பாரதி அந்த அறையில் மனதாரச் சிரித்துக்கொண்டே 'இல்லை' என்று சொல்லியிருப்பார். தெரியாமல் சொன்ன பொய் என்று யார் நம்பியிருப்பார்கள்? நான் முத்திரை குத்தித் தந்த காகிதமே எதிர்ப்பக்கம் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கும்.

உடனே மயூரிக்குப் போன் செய்தேன். என் மகள் வயதுப் பெண்ணிடம் நன்றி சொல்லக் கொஞ்சம் தடுமாறினேன். அன்று உன்மேல் எரிச்சல்பட்டேன் என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

"தெரியும் அக்கா. ஸ்பீக்கரில உங்கட பெருமூச்சு கேட்டது" என்றாள். "பாரதி அக்காவுக்கு வேலை எப்ப தொடங்குது?"

"ஒண்ணாம் தேதி."

"நல்லது. மணி அண்ணையிட்டச் சொல்லுங்கோ, அண்டைக்கு அவவைக் காரில கொண்டுபோய் விடச் சொல்லி. மெதுவாப் போகச் சொல்லுங்கோ."

சொன்னேன். மணி அப்படியே செய்திருக்கிறார். வேகக் கட்டுப்பாடே இல்லாத ஆட்டோபானில் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துபோய், முதல் நாளே மனைவியைத் தாமதமாகக் கொண்டுபோய் விட்டாராம். ஏன் தாமதம் என்று அங்கே கேட்டபோது பாரதி உண்மையைச் சொன்னாராம். அந்த அலுவலகத்தில் எல்லோரும் சிரித்தார்களாம்.